கன்பூசியரும் மோசியரும்: துக்கம் எத்தனை ஆண்டு?

போரிடும் நாடுகள் காலச் சீனாவில் (கி.மு. 475–221) கன்பூசியப் பள்ளிக்கு இணையான புகழ் பெற்றிருந்தது மோசியின் பள்ளி. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை ஈமச்சடங்கு பற்றிய வாதத்தில் தெளிவாகக் காணலாம்.

பெற்றோர் இறந்தால் மூன்று ஆண்டு துக்கம் காக்கவேண்டும் என்றார் கன்பூசியஸ். பிள்ளையை முதல் மூன்று ஆண்டுகள் பெற்றோர் கையில் சுமக்கிறார்கள் அல்லவா? மோசி வேறு கணக்குப் போட்டார். மகன் பட்டினியால் மெலிந்து கிடந்தால் உழுவது யார்? செல்வத்தைக் கல்லறையில் புதைத்தால் உயிருள்ளோர் எதை உண்பது? மூன்று அங்குலக் கனமுள்ள சவப்பெட்டியே போதும் என்றார்.

பிறர் தந்தையையும் தன் தந்தையைப்போல் நேசிக்கவேண்டும் என்பதும் அவர் கொள்கை. இது தந்தையையே மறுப்பது என்று சீறினார் கன்பூசிய வழிவந்த மென்சியஸ். சற்று மிகையான குற்றச்சாட்டுதான். சூ நாடு சிறிய சொங் நாட்டின்மீது படையெடுக்கவிருந்தபோது, மோசி பத்து நாள் நடந்துபோய்ப் போரைத் தடுத்ததாக அவர் பெயரிலுள்ள நூல் கூறுகிறது. அவருடைய சீடர்கள் மதில் காப்பதிலும் வல்லவர்கள்.

கி.மு. 221-இல் சின் பேரரசு எல்லா நாடுகளையும் விழுங்கியபின் அத்திறமைக்குத் தேவை குறைந்தது. அடுத்து வந்த ஹான் அரசு கன்பூசிய நூல்களையே ஆதரித்தது. மோசியின் பள்ளி மறைந்தது. அவரது நூல், தாவோ சமயத்தாரின் திருநூல் தொகுப்புக்குள் இருந்து தப்பியது.