ஒளியைத் தேடிய அறிஞர்கள்: பௌதிகவியல் வரலாற்றில் ஓர் அத்தியாயம்



இருட்டறையில் இருக்கும் மனிதனுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை. ஒரு விளக்கை ஏற்றியதும் அவன் அனைத்தையும் காண்கிறான். இது அன்றாடம் நாம் அனுபவிக்கும் ஒன்று. ஆனால் இந்த எளிய நிகழ்வுக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. பார்வை எவ்வாறு நிகழ்கிறது? கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் பொருளைச் சென்றடைகிறதா? அல்லது பொருளிலிருந்து ஏதோ ஒன்று கண்ணை வந்தடைகிறதா? இக்கேள்விக்குச் சரியான விடையைக் காண மனித சமுதாயம் ஏறத்தாழ 1900 ஆண்டுகள் உழைத்தது. பௌதிகவியல் எனும் துறை எவ்வாறு வளர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கேள்வியின் வரலாறே நமக்குப் போதுமானது.

கண்ணிலிருந்து புறப்படும் கதிர்

கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட், கண்ணிலிருந்து நேர்கோடுகளாகக் கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது எனக் கொண்டார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமியும் இக்கருத்தையே வளர்த்தெடுத்தார். இதனை நாம் இன்று கேலி செய்யத் தேவையில்லை. கண்ணை மூடினால் பார்வை நின்றுவிடுகிறது. எத்திசையில் கண்ணைத் திருப்புகிறோமோ அத்திசையே தெரிகிறது. இவற்றை வைத்து அவர்கள் அவ்வாறு எண்ணியதில் நியாயம் இருந்தது. அத்துடன், தொலைவிலுள்ள பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது என்பதை அவர்களது கேத்திரகணிதம் நன்றாகவே விளக்கியது.

அரிஸ்டோட்டில் இதனை மறுத்தார். கண்ணைத் திறந்த மாத்திரத்தில் வானத்து நட்சத்திரங்கள் தெரிகின்றனவே, அவ்வளவு தூரத்தைக் கண்ணின் கதிர் எவ்வாறு சென்றடையும்? இடையிலுள்ள ஊடகத்தின் வழியாகவே பார்வை நிகழ்கிறது என்பது அவரது கருத்தாகும். ஆனால் அவரிடம் கேத்திரகணித விளக்கம் இருக்கவில்லை. ஒரு சாராரிடம் கணிதம் இருந்தது. மற்றைய சாராரிடம் இயற்கை பற்றிய நல்ல வினா இருந்தது. இரண்டையும் ஒன்று சேர்ப்பார் பல நூற்றாண்டுகளாக இருக்கவில்லை.

இந்நூல்கள் அப்பாஸிய காலத்தில் பக்தாதில் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டன. 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தீ அவற்றை ஆராய்ந்தார். அவர் கண்கதிர்க் கொள்கையையே ஆதரித்தார். எனினும், ஒளிரும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளுக்கும் ஒளி பரவுகிறது எனும் முக்கியமான உண்மையை அவர் எடுத்துரைத்தார். அடுத்து வந்தவருக்கு இது பெரிதும் உதவியது.

பஸ்ராவில் பிறந்த மேதை

அவர்தாம் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம். கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தவர். ஐரோப்பியர் இவரை அல்ஹஸன் எனும் பெயரைத் திரித்து அல்ஹேசன் என அழைத்தனர்.

அவருடைய வாழ்விலும் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. 13ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியரான இப்னுல் கிஃப்தீ எழுதி வைத்துள்ள செய்தியின்படி, நைல் நதியின் நீரை ஒழுங்குபடுத்த வழியுண்டு என இப்னுல் ஹைதம் கூறியதைக் கேள்விப்பட்டு, பாத்திமிய கலீபா அல்ஹாகிம் அவரை எகிப்துக்கு அழைத்தார். அவர் நதியோடு தெற்கு நோக்கிச் சென்றார். வழியெங்கும் பண்டைய எகிப்தியர் எழுப்பிய வியத்தகு கட்டடங்களைக் கண்டார். இத்தகைய திறமை படைத்தோர், இயலுமாயிருந்தால் இந்தக் காரியத்தையும் செய்து முடித்திருப்பார்கள் என்று சிந்தித்தார். இடத்தை நேரில் ஆராய்ந்தபின் தமது திட்டம் நிறைவேறாது என்பதை ஆட்சியாளரிடமே ஒப்புக்கொண்டார். பின்னர் கலீபாவின் கோபத்துக்கு அஞ்சி, புத்தி பேதலித்தவர் போல் நடித்து, 1021இல் அல்ஹாகிமின் காலம் முடியும் வரை வீட்டுக்குள் அடைபட்டிருந்தார் என்றும், அதன்பின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே தங்கி, நூல்களைப் பிரதி செய்து பிழைத்தார் என்றும் அவ்வரலாறு கூறுகிறது.

இஃதிபார் எனும் வழிமுறை

இப்னுல் ஹைதமின் தலைசிறந்த ஆக்கம் ஏழு பாகங்களைக் கொண்ட 'கிதாபுல் மனாளிர்' ஆகும். அதில் அவர் கண்கதிர்க் கொள்கையை நிராகரித்தார். சூரியனை உற்று நோக்கினால் கண் நோகிறது. பேரொளியைப் பார்த்துவிட்டு இருளை நோக்கினால் அவ்வொளியின் உருவம் கண்ணில் சற்று நேரம் தங்கி நிற்கிறது. ஆகவே, ஒளி வெளியிலிருந்து வந்து கண்ணில் தாக்கம் ஏற்படுத்துகிறது என்பது தெளிவு. இவ்வாறு வாதிட்ட அவர், பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கண்ணை நோக்கி வரும் ஒளியை யூக்ளிடின் கேத்திரகணிதத்தைக் கொண்டே விளக்கினார். பிரிந்து கிடந்த கணிதமும் இயற்கை ஆய்வும் ஒன்று சேர்ந்தன.

அவர் வாதத்தோடு நின்றுவிடவுமில்லை. பல விளக்குகளை ஏற்றி, ஒரு சிறு துவாரத்தின் முன் வெவ்வேறு இடங்களில் வைத்தார். துவாரத்துக்கு அப்பால் இருண்ட அறை. அதன் சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தார். அதற்கு நேரேயுள்ள பொட்டு மாத்திரம் மறைந்தது. மறைப்பை அகற்றினார், அது அதே இடத்தில் மீண்டும் தோன்றியது. ஒளி நேர்கோட்டிற் செல்கிறது. பல ஒளிகள் ஒரே துவாரத்தினூடாகச் சென்றாலும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பதை இவ்விதம் நிறுவினார்.

பெற்றோர்களே! இதனை உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து இன்றிரவே செய்து பார்க்கலாம். இரண்டு மெழுகுதிரிகள், சிறு துவாரமிட்ட ஒரு மட்டை, ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் போதும். வலப்புறத் திரியை மறைத்தால் தாளின் இடப்புறப் பொட்டு மறைவதைக் காண்பீர்கள். ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் கல்வியின் வாசல்.

இத்தகைய பரிசோதனையை இப்னுல் ஹைதம் 'இஃதிபார்' என்று அழைத்தார். படிப்பினை பெறுதல் எனும் கருத்தில் நாம் நன்கறிந்த சொல் இது. பார்த்ததைச் சீர்தூக்கி, அதிலிருந்து உண்மைக்குக் கடந்து செல்வது என்பது அதன் உட்பொருள்.

தொலமியின் நூல்களிலுள்ள முரண்பாடுகளை எடுத்துக்காட்டவும் அவர் தனியாக ஒரு நூல் எழுதினார். முன்னோர் எழுதினார்கள் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்பவன் உண்மையைத் தேடுபவன் அல்லன். ஆதாரத்தைக் கேட்பவனே தேடுபவன். அவன் தன் சொந்தக் கருத்தையும் ஐயத்தோடு நோக்க வேண்டும் என்பது அந்நூலின் முன்னுரையில் அவர் வலியுறுத்தும் கருத்தாகும்.

ஹதீஸ் கலையில் 'யாரிடமிருந்து கேட்டீர்?' என்று வினவி, அறிவிப்பாளர் தொடரை நம் இமாம்கள் ஆராய்ந்தார்கள். சென்று மறைந்த ஒரு சொல்லை உறுதிப்படுத்த அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையே வழி. பௌதிகவியலில் நிலைமை வேறு. விளக்கும் துவாரமும் இன்றும் இருக்கின்றன. எவரும் மீண்டும் செய்து பார்க்கலாம். எனவே அங்கு எவ்வளவு பெரிய பெயரும் ஆதாரமாகாது. இரண்டு துறைகளுக்கும் வழிமுறை வேறு. ஆனால் ஆதாரமின்றி ஏற்காத அந்த மனப்பான்மை ஒன்றே.

குறையும் நிறைவும்

இப்னுல் ஹைதம் அனைத்தையும் கண்டுபிடித்துவிட்டாரா? இல்லை. கண்ணிலுள்ள வில்லையே பார்வையின் இருப்பிடம் என அவர் கருதினார். உருவம் கண்ணுக்குள் தலைகீழாக விழக்கூடும் என்பதை ஏற்க முடியாமல், அதனைத் தவிர்க்கும் விதமாகவே தம் விளக்கத்தை அமைத்தார்.

அவரது நூல் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, 13ஆம் நூற்றாண்டில் ரோஜர் பேக்கன், ஜோன் பெக்கம், விட்டெலோ ஆகியோரின் கைகளுக்குச் சென்றது. 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது. ஜொஹான்னஸ் கெப்ளர் 1604இல் வெளியிட்ட தமது நூலுக்கு, விட்டெலோவின் நூலுக்கான பிற்சேர்க்கை என்றே பெயரிட்டார். உருவம் விழித்திரையில் தலைகீழாகவே விழுகிறது என அதில் அவர் துணிந்து கூறினார். இப்னுல் ஹைதம் நின்ற இடத்திலிருந்து கெப்ளர் ஓர் அடி முன்னே வைத்தார். இதனால் முன்னவர் தாழ்ந்துவிடவில்லை. அவருடைய வழிமுறையே அவரைத் திருத்தியது.

நூல் உறங்கிய காலம்

இங்கு நாம் வேதனையோடு எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. கிதாபுல் மனாளிர் எழுதப்பட்ட பின்னர், ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழிந்தே முஸ்லிம் உலகில் அதற்கு ஒரு தகுதியான வாரிசு தோன்றினார். அவர் பாரசீகத்தைச் சேர்ந்த கமாலுத்தீன் அல்பாரிஸீ. ஒளி பற்றிய தமது ஐயங்களை அவர் தம் ஆசிரியர் குத்புத்தீன் அஷ்ஷீராஸீயிடம் கொண்டு சென்றார். ஆசிரியர் அந்நூலின் பிரதியைத் தேடி வரவழைத்து மாணவரிடம் கொடுத்தார். அல்பாரிஸீ அதற்கு விரிவான விளக்கவுரை எழுதினார். அத்துடன், நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை ஒரு மழைத்துளியாகக் கொண்டு இருட்டறையில் பரிசோதித்தார். துளிக்குள் ஒளி இருமுறை முறிவடைந்து ஒருமுறை தெறிப்பதால் வானவில் உண்டாகிறது என்றும், உள்ளே இருமுறை தெறிப்பதால் மங்கலான இரண்டாம் வில் தோன்றுகிறது என்றும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். அதே காலப்பகுதியில், அவரை அறியாமலேயே, ஜெர்மனியில் தியோடோரிக் எனும் துறவியும் அதே முடிவுக்கு வந்தார். உண்மை எந்த ஊருக்கும் தனியுடைமை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கேள்வி கேட்ட ஒரு மாணவர். அதனை அடக்காமல் நூலைத் தேடித் தந்த ஓர் ஆசிரியர். இவ்விருவரும் இல்லையேல் அந்நூல் அலுமாரியிலேயே உறங்கியிருக்கும்.

துணிக்கையா? அலையா?

கேள்வி அத்துடன் முடியவில்லை. ஒளி என்பது எது? 1672இல் ஐசாக் நியூட்டன், வெள்ளொளி பல நிறங்களின் சேர்க்கையே என்பதை அரியத்தின் மூலம் காட்டினார். ஒளி நுண்ணிய துணிக்கைகளால் ஆனது என்ற கருத்தின் பக்கமே அவர் சாய்ந்தார். 1690இல் ஹைகன்ஸ் அதனை அலை என்றார். நியூட்டனின் பெயருக்கிருந்த மதிப்பினால் அலைக்கொள்கை நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒதுங்கிக் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் யங் அதற்கு மீண்டும் உயிரூட்டினார்.

1818இல் பாரிஸ் அறிவியற் கழகத்தின் போட்டிக்கு பிரெனெல் எனும் இளம் பொறியியலாளர் அலைக்கொள்கையைச் சமர்ப்பித்தார். நடுவர்களுள் ஒருவரான புவாசோன் அதனை எதிர்த்தார். இக்கொள்கை சரியானால், ஒரு வட்டத் தட்டின் நிழலின் நடுவில் ஒளிப்பொட்டு ஒன்று தோன்ற வேண்டுமே, இது நடக்கக்கூடியதா என்று வினவினார். அராகோ எனும் மற்றொரு நடுவர் அதனைச் செய்து பார்த்தார். நிழலின் நடுவில் அந்த ஒளிப்பொட்டு இருந்தது! மறுப்பதற்காகச் சொல்லப்பட்ட வாதமே சான்றாக மாறியது. பரிசு பிரெனெலுக்குக் கிடைத்தது.

1865இல் மக்ஸ்வெல், ஒளி ஒரு மின்காந்த அலை என்பதைக் கணிதத்தால் காட்டினார். அவர் கூறிய அலைகளை 1880களின் பிற்பகுதியில் ஹேர்ட்ஸ் தம் ஆய்வுகூடத்தில் உருவாக்கிக் காட்டினார். வானொலி வாயிலாக ஒரு குரலை உங்கள் இல்லங்களுக்குக் கொண்டுவருவது அதே வகை அலைதான். ஒளியும் வானொலி அலையும் ஒரே குடும்பம். அலைநீளம் மட்டுமே வேறு. பின்னர் 1905இல் ஐன்ஸ்டைன், ஒளி சில வேளைகளில் தனித்தனிச் சக்திப் பொட்டலங்களாகவும் நடந்துகொள்கிறது என்றார். இன்று ஒளிக்கு அலையின் இயல்பும் துணிக்கையின் இயல்பும் உண்டென ஏற்கப்படுகிறது.

நமக்குள்ள கடமை

அன்பின் இளைஞர்களே! நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, எல்லாவற்றையும் நம் முன்னோர் கண்டுபிடித்துவிட்டார்கள், மற்றவர் அதனைத் திருடிக்கொண்டார்கள் என்ற வீண் பெருமை. மற்றது, விஞ்ஞானம் நமக்கு அந்நியமானது என்ற தாழ்வு மனப்பான்மை. இவ்வரலாறு இரண்டையும் பொய்யாக்குகிறது. யூக்ளிடின்றி இப்னுல் ஹைதம் இல்லை. அவரின்றி கெப்ளரின் நூல் அவ்வடிவில் இல்லை. 2015ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இப்னுல் ஹைதமின் பணியும் உலகளாவிய ரீதியில் நினைவுகூரப்பட்டது. ஆனால் அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதால் மட்டும் நாம் அவருக்கு வாரிசாகிவிட மாட்டோம். அவர் செய்ததைச் செய்பவரே அவருடைய வாரிசு.

பெற்றோர்களே! 'ஏன்?' என்றும் 'எப்படித் தெரியும்?' என்றும் கேட்கும் பிள்ளையை வாயடக்காதீர்கள். அது மரியாதைக் குறைவன்று. விடை தெரியாவிடின், தேடிப் பார்ப்போம் என்று கூறுங்கள். குத்புத்தீன் அஷ்ஷீராஸீயைப் போல நூலைத் தேடிக் கொடுங்கள். க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் பயிலும் மகனுக்கும் மகளுக்கும் பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் இலக்காக்காமல், உண்மையை ஆராயும் மனப்பக்குவத்தையும் ஊட்டுங்கள்.

பயனுள்ள அறிவைத் தேடுவோராகவும், கற்றதைப் பிறருக்குக் கையளிப்போராகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.