கயிறு மாறிய வழக்கும் வாணிக வாய்மையும்

திருவாலவாயுடைய பெருமான் நிகழ்த்தியருளிய 64 திருவிளையாடல்களுள் நரியைப் பரியாக்கியதும், அப்பரியை மீட்டும் நரியாக்கியதும் சைவ நன்மக்கள் யாவரும் அறிந்தனவே. பரஞ்சோதி முனிவர் இவற்றை முறையே 59, 60ஆம் படலங்களாக வைத்தோதினார். அவர்க்கு முற்பட்ட பெரும்பற்றப்புலியூர் நம்பியும், திருவாதவூரடிகள் புராணம் செய்த கடவுள் மாமுனிவரும் இவ்வரலாற்றைப் பாடியுள்ளனர். வாதவூரடிகள் தாமே திருவாசகத்தில் இதனைக் குறித்தருளினார். அப்பரடிகளும் திருவாரூர்த் திருப்பதிகத்துள் நரியைக் குதிரை செய்த அருட்செயலை எடுத்தோதினார். அதுகொண்டு மணிவாசகர் காலம் பற்றி அறிஞர் வழக்கிடுவர். அவ்வழக்கு ஈண்டைக்கு வேண்டுவதன்று.

ஈண்டு ஆராயப்புகுவது பிறிதொன்று. அப்படலங்களின் ஊடே பழந்தமிழ்நாட்டுக் குதிரை வாணிகத்தின் முறையொன்று பொதிந்து கிடக்கின்றது. அது கயிறு மாறுதல் எனப்படும். அதனை நோக்குங்கால் ஓர் ஐயம் எழுகின்றது. நரியைப் பரியென்று காட்டி விலைப்படுத்தியது வஞ்சனையாகாதோ? சந்தையிலே நொண்டிக் குதிரையை நல்ல குதிரையென்று விற்பானொருவன், 'ஆலவாயானும் இங்ஙனம் செய்தானன்றோ' என்று இதனைத் தனக்கு மேற்கோளாக்கின், அவனுக்கு யாது விடை கூறுவது? இவ்வையத்தைப் பழைய வாணிக வரலாறும் சித்தாந்த நூல்களும் கொண்டு அறுப்பாம்.

முதற்கண் புராணம் கூறும் விற்பனை முறையை உற்றுநோக்குக. அரிமர்த்தன பாண்டியன் குதிரை கொள்ளுமாறு கொடுத்துவிட்ட பொன்னைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்கும் அடியார்க்கும் ஆக்கினார் வாதவூரர். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வருமென இறைவன் உணர்த்த, அவ்வாறே தானே குதிரைச் சேவகனாய் மதுரைக்கு எழுந்தருளினான். வந்தவன் வாயிலில் நின்றவாறே விலைப்பொருளைக் காட்டி அகலவில்லை. அரசன் காணக் குதிரைகளின் ஐவகைக் கதியும் சாரியையும் நடத்திக்காட்டினான். அவற்றின் இலக்கணத்தையும் எடுத்துரைத்தான். அரசன் மகிழ்ந்து வெண்பட்டளித்தபோது சேவகன் அதனைக் கையால் ஏலாது செண்டினால் ஏற்றான். அரசன் வெகுண்டான். அது குதிரை வாணிகர் நாட்டு வழக்கமென்று வாதவூரர் கூறத் தணிந்தான். இச்சிறு நிகழ்ச்சி பொருள் மிக உடையது. வாங்குவோனது மரபும் விற்போனது மரபும் வேறாயவழி, இருவரையும் அறிந்தானொருவன் இடைநின்று உணர்த்தினாலன்றி ஒருவன் வணக்கம் மற்றவனுக்கு இகழ்ச்சியாய்த் தோன்றும் என்பது இதனாற் பெறப்படும்.

பின்னரே கயிறு மாறுதல் நிகழ்ந்தது. குதிரையின் கயிற்றை விற்பவன் கையினின்று வாங்குபவன் கைக்கு மாற்றிய அப்பொழுதே உரிமையும் மாறிற்று. அதற்கு முன் குதிரைகளைச் செவ்வையாகப் பார்த்துக்கொள்ளுமாறும், கயிறு மாறியபின் நேர்வனவற்றிற்குத் தன்பால் வழக்கில்லையென்றும் சேவகன் வெளிப்படையாகவே கூறினான். எனவே, காட்டுதல், சோதித்தல், ஒப்புதல், கயிறு மாறுதல் என நான்கு படிகள் இம்முறைக்கண் அமைந்தன. கயிறு மாறுமுன் குற்றங் காணப்படின் அது விற்பவனைச் சாரும்; மாறியபின் வாங்கியவனைச் சாரும்.

இம்முறை புலவர் கற்பனையன்று. தமிழ்நாட்டிற் பெருவழக்காயிருந்த வாணிகத்தின் நிழல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகார்த் துறைக்கு வந்த பண்டங்களை எண்ணுங்கால் கடல்வழி வந்த குதிரையை முதற்கண் வைத்தனர். அந்நூலே அந்நகர வணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணி, மிகையாகக் கொள்ளாதும் குறைபடக் கொடாதும் வாழ்ந்தமை கூறும். சோழர் பாண்டியர் காலக் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் திருக்கோயில்கட்கு அறஞ்செய்தமை காணப்படுகின்றது. குதிரை விற்று ஈட்டிய பொருளை இறைவன் திருமுன் வைக்க அவர்கள் நாணவில்லை என்பது கருதற்பாலது.

பாண்டியர் ஆட்சியின் இறுதிக் காலத்து இவ்வாணிகம் எத்துணைப் பெரிதாயிற்று என்பதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார். கீஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகள் 1,400 மாபார் நாட்டிற்கு அனுப்புவதென்றும், குதிரையொன்றின் விலை 220 செம்பொன் தினாரென்றும், வழியில் ஊறுபட்டவற்றிற்கும் இறந்தவற்றிற்குங்கூடப் பாண்டியன் கருவூலத்தினின்றே விலை தரப்படுமென்றும் உடன்படிக்கை இருந்தது. ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தகியுத்தீனே பாண்டிய நாட்டில் அமைச்சராயிருந்தார். விற்பார் ஒருவர், அவர் உடன்பிறந்தார் வாங்கும் அரசனுக்கு அமைச்சர்! வாதவூரரும் அமைச்சராய்க் குதிரை கொள்ளச் சென்றவரே. அரசன் பொன் அமைச்சன் கையிலும், அமைச்சன் சொல் வாணிகன் வாயிலும் தங்கியிருந்த அக்காலத்தே, குதிரை வாணிகம் முழுவதும் நம்பிக்கையென்னும் ஒற்றைக் கயிற்றால் கட்டுண்டு கிடந்தது.

நம்பிக்கை பழுதாயின் விளைவது யாது? ஏறத்தாழ அதே காலத்துத் தமிழ்நாட்டுக் கரையை அடைந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ விடை தருகின்றார். இங்குக் குதிரை மருத்துவமறிந்தார் இலராதலின் குதிரைகள் பேணுவாரின்றி மாய்ந்தன. குதிரை விற்ற வணிகரோ மருத்துவர் இந்நாட்டிற்கு வாராதபடி தடுத்தனர். ஏனெனில் குதிரை மாயுந்தோறும் அவர்க்குப் புதிய விற்பனை உண்டாயிற்று என்பது அவர் கூற்று. விற்ற பொருளைப் பற்றிப் பொய்யொன்றும் சொல்லாமலே வாங்கினவனைக் கெடுக்கும் நெறி இது. கயிறு மாறியபின் தமக்கென்ன என்றிருப்பாரின் முடிந்த நிலை இதுவே.

இதற்கு மறுதலையான செய்தியொன்று விசயநகர வரலாற்றில் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வந்த போர்த்துகீசிய வணிகர் நூனிஸ் எழுதுவது: சாளுவ நரசிங்கர் ஆயிரம் பொற்காசுக்கு மூன்றெனக் குதிரை கொள்வார், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொணர்ந்து காட்டினும் உயிருள்ள குதிரைக்கெனவே விலை கொடுப்பார். போருக்குக் குதிரை இன்றியமையாதது. வணிகன் கடலுக்கு அஞ்சி வாராதொழியின் நாட்டிற்கே கேடு. ஆதலின் வழியிடை இழப்பை அரசரே ஏற்றனர். ஆயினும் வாலொன்றைக் கண்டு விலை கொடுப்பவன் வணிகன் வாய்மையையே விலைக்கு வாங்குகின்றான் என்பதில் ஐயமென்னை?

இனி, அறநூல் வழக்கை நோக்குவாம். யாக்ஞவல்கிய மிருதி விலைகொண்ட பொருளைச் சோதித்தற்கு நாள் வரையறுக்கின்றது. விதைக்கு 10 நாள், இரும்பிற்கு 1 நாள், ஊர்தி விலங்குகட்கு 5 நாள், மணிகட்கு 7 நாள், கறவைக்கு 3 நாள் என்பது அதன் கூற்று. ஊர்தி விலங்கிற்கு ஐந்து நாள் கொடுத்ததன் நுட்பம் என்னை? பல்லும் சுழியும் நிறமும் ஒரு நாழிகையிற் காணலாம். உண்ணும் முறை, இரவில் இளைக்கும் மூச்சு, பாரமேற்றியவழித் தளரும் கால், அந்நியரைக் கண்டு மிரளும் குணம் என்பனவோ உடனிருந்தாலன்றிப் புலப்படா. ஆகவே, கயிறு மாறிய கணத்தே எல்லாம் முடிந்ததென்பது வணிக வழக்கு. ஐந்து நாள் பொறுத்துப் பார்க்க விடுவது அறநூல் வழக்கு. இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில்தான் விற்பவனது வாய்மை நிற்கின்றது.

எமது கொங்கு நாட்டிற்கும் இவ்வாராய்ச்சி அயலதன்று. மலைமண்டலத்தினின்று கிழக்கே வருவார்க்குப் பாலைக்காட்டுக் கணவாய் இயற்கை வாயில். சத்தியமங்கலமோ பவானியாற்றங்கரையில், திம்பம் மலைவழியே மைசூர் நாட்டினின்று இறங்குவார்க்கு வாயில். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் படைக்கும் கர்னல் பிளாய்டின் குதிரைப்படைக்கும் போர் நிகழ்ந்த களம் இது. இவ்வூர்க்குக் கிழக்கே கோபிசெட்டிபாளையத்தைக் கடந்து செல்லின் அந்தியூர். அதனையடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி திருக்கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடுகின்றன. திப்புவும் தம் படைக்கு இங்கே குதிரை கொண்டார் என்பது மக்களிடை வழங்கும் செய்தி. மார்வாரி, காத்தியவாரி, நொக்ரா முதலிய சாதிக் குதிரைகளும் நாட்டியம் பயின்ற குதிரைகளும் இன்றும் அங்கே விலைக்கு வருகின்றன. போர்க்குதிரைக் காலம் போயினும் குதிரை பார்க்கும் முறை போகவில்லை.

சந்தையில் குதிரை பார்ப்போன் முதற்கண் பல்லைப் பார்ப்பான். இரண்டரை ஆண்டளவில் பாற்பல் விழத்தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் முன்பல் யாவும் நிலைப்பல்லாய் நிரம்பும். அதன்மேல் பல்லின் மேற்குழி தேய்வது கொண்டு வயது மதிப்பர். இது தெரிந்தே தேய்ந்த பல்லை அராவியும் சுட்டுக் கறுப்பித்தும் முதிர் குதிரையை இளங்குதிரையாக்குவாரும் உலகெங்கும் உளர். நரைமயிர்க்கு மை தீற்றுதலும், நொண்டுங் காலுக்கு மருந்திட்டுச் சந்தை முடியும்வரை நோவறியாது நிறுத்துதலும் அத்தகையனவே. இவையெல்லாம் நரியைப் பரியாக்கும் மனிதர் தொழில்கள்.

இச்சந்தைகளில் துண்டின்கீழ்க் கைகோத்து விரல் தொட்டு விலை பேசும் வழக்கொன்று உண்டு. தரகர் துண்டினுள் விரல்களைப் பற்றித் தொகையை உணர்த்துவார். சூழ நிற்பார்க்கு ஒன்றும் புலப்படாது. இது மறைவன்றோ எனின், மறைவே, ஆயினும் வஞ்சமன்று. என்னை? மறைவு அயலார்க்கே, பேசும் இருவர்க்கும் இடையே ஒளிப்பில்லை. மேலும், விலை படியாதாயின் விற்பவனுடைய குதிரை இத்தொகைக்கும் போகவில்லையென்னும் இழிவு அவனைச் சாராது. ஒருவர் கை துண்டின்கீழ் இருக்கும்பொழுது மற்றொருவர் இடைபுகுந்து விலையேற்றாமையும், வாங்கக் கருதாதவன் பிறர் கேட்கக் குதிரையைப் பழித்துரையாமையும், விற்பவன் வறுமையறிந்து அதனைக் கருவியாக்காமையும் வாங்குவான்பால் அமையவேண்டிய ஒழுக்கங்கள். வாயைத் திறந்து காட்டுதல், பகலொளியில் நிறுத்துதல், நடத்தியும் ஓட்டியும் காட்டுதல், கடிக்கும் உதைக்கும் மிரளும் குணமிருப்பின் கேளாமுன் கூறுதல் என்பன விற்பான்பால் அமையவேண்டுவன. இவற்றுள் இறுதியதே அரிது. கேட்டதற்கு மெய் சொல்வார் பலர். கேளாததைச் சொல்வாரே வாய்மையுடையார். விலங்கு தன் நோயைத் தான் சொல்லமாட்டாது. அதனோடு பழகினவன் நாவே அதற்கு நா.

இனி, முன்னெழுந்த ஐயத்திற்கு விடை கூறுதும். நரியைப் பரியெனக் காட்டியது வஞ்சனையன்றோ எனின், அன்று என்பதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று சித்தாந்தம் பற்றியது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும் அருளே என்பது சிவஞானசித்தியார் துணிபு. மறைத்தலைச் செய்யும் திரோதான சத்தி, உயிர் பக்குவமெய்துந்துணையும் மலத்தைத் தொழிற்படுத்தி, அதன் வழியே மலத்தைத் தேய்க்கின்றது. எனவே இறைவன் மறைத்தது தனக்கு ஊதியம் கருதியன்று. மறைப்பின் முடிவு அருளே. மனிதன் குற்றத்தை மறைப்பதோ ஆணவத்தின் ஏவலால். அதன் முடிவு தன் பை நிறைதல். மறைத்தல் என்னும் பெயரொன்றால் இரண்டையும் ஒன்றெனல் சூரியனையும் மின்மினியையும் ஒளியென ஒன்றாக்குதல் போலும்.

அற்றேல், நரிகள் பழைய குதிரைகளையும் கடித்தோடின, பாண்டியன் பொருளிழந்தான், வாதவூரர் வைகை மணலிற் சுடப்பட்டார். அருள் என்று கூறிப் பிறர் இழப்பைப் போக்குதல் கூடுமோ எனின், இரண்டாங் காரணம் அதற்கு விடையாகும். அது வரலாற்றின் முடிவிலே உளது. கயிறு மாறியபின் எனக்கு வழக்கில்லை என்ற அக்குதிரைச் சேவகன் வாங்கினவன் ஊருக்கு மீண்டும் வந்தான். கூலியாளாய் வந்தான், வந்தியின் பிட்டுக்கு மண் சுமந்தான், பாண்டியன் பிரம்படியைத் தன் முதுகிலே ஏற்றான். உலகிற் குதிரை விற்று ஏய்த்தவன் எவனாயினும் வாங்கினவன் முகத்தில் மீட்டும் விழித்ததுண்டோ? சந்தை கலைந்தால் அவன் ஊரும் பெயரும் கலையும். இறைவனோ வழக்கு முடிந்த இடத்திலே பொறுப்பைத் தொடங்கினான். அறநெறியில் ஈட்டிய பொருளாதலின் அது தன் அடியார்க்காயிற்றென்று அரசனுக்கு வானொலியாய் உணர்த்தி, வாங்கினவனது பொன்னுக்கும் கணக்குத் தீர்த்தான்.

ஆகலின் அப்படலங்கள் பொய் வணிகனுக்கு மேற்கோளாகா; அவனுக்கு எதிர்ச் சான்றேயாம். கயிறு மாறுதல் வழக்கை அறுக்கும், அறத்தை அறுக்கமாட்டாது. 'ஆலவாயானும் செய்தான்' என்பவன், முன் செய்ததை மட்டும் கொண்டு பின் செய்ததை விடுதல் கூடாது. குதிரையை விற்றபின் அதனை வாங்கினவன் வீட்டு வாயிலிற் சென்று, 'அது நன்கு நடக்கின்றதோ' என்று கேட்டுநிற்கும் துணிவு எவனுக்கு உண்டோ, அவனே கயிறு மாறத் தக்கவன். ஆடிச் சந்தைக்குச் செல்லும் அன்பர்கள் துண்டின்கீழ்க் கைநீட்டுமுன் இதனை நினைப்பாராக.

திருச்சிற்றம்பலம்.