சுபேதார் சுப்பிரமணியன்

வந்தவாசிப் போர் 1760 என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். அயர் கூட், லாலி பெயர்களும் தெரியும். அதே திண்டிவனம் - வந்தவாசி சாலையில் இன்னும் மேலே போனால் காஞ்சிபுரம். அதன் பக்கத்தில் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுப்பிரமணியனை எத்தனை பேருக்குத் தெரியும்?

இவர் தளபதி இல்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சுபேதார். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவையெல்லாம் அந்தப் படையின் வேலை. சுபேதார் என்றால் சிப்பாயாகச் சேர்ந்து, பல வருடம் உழைத்து மேலே வந்தவர்.  வெள்ளைக்கார அதிகாரிக்கும் ஆட்களுக்கும் நடுவே பாலமாக இருந்தது சுபேதார்தான். ஆனாலும் பாருங்கள், இருபது வருட சர்வீஸ் இருந்தாலும் நேற்று வந்த சின்னப் பையன் லெப்டினன்ட்டுக்குக் கீழேதான் அவர்!

1944 பிப்ரவரி 24. இரண்டாம் உலகப் போர், இத்தாலியில் மின்யானோ. கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை ஏற்படுத்தும் வேலையில் இருந்தார் சுப்பிரமணியன். கூட வந்த ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில விநாடிகள்தான். ஓடித் தப்பித்திருக்கலாம். சுபேதார் அதன் மேல் விழுந்தார். அவர் உயிர் போனது, பக்கத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. எதிரியோடு நேரடி மோதல் இல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்குப் பிரிட்டன் தரும் மிக உயர்ந்த பதக்கம் அது.

சுபேதார் பதவி இந்திய ராணுவத்தில் இன்றும் இருக்கிறது. ஹவில்தாருக்கு மேலே, லெப்டினன்ட்டுக்குக் கீழே.