வேகவைத்த கிழங்குத்தோல்: ஹைட்ரோஜெல் கட்டின் வரலாற்றில் அதன் இடம்

மருத்துவ ஹைட்ரோஜெல்லின் வரலாற்றை 1960இல் விக்டர்லேயும் லீமும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம். கண்வில்லைக்கு அந்தத் தொடக்கம் பொருந்தும். தீக்காயக் கட்டுக்கு 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் செய்த சோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் காக்கப்பட்ட புண்ணில் மேல்தோல் விரைவாக மூடுவதை அவர் காட்டினார். பம்பாய் வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் கேஸ்வானியும் பாட்டீலும் கையாண்ட வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் கட்டை இந்த இரண்டாவது மரபில் வைக்க வேண்டும் என்பது என் வாதம். அது ‘பர்ன்ஸ்’ இதழில் வெளியானது 1985இல். அதுவே வார்டில் புழக்கத்துக்கு வந்த ஆண்டு என்று கொள்ளலாகாது.

இந்தக் கட்டின் மதிப்பைக் குறைத்தது சோலாப்பூர் மருத்துவர் எம். சுப்ரமணியம் 1996இல் அதே இதழில் வெளியிட்ட ஒப்பீடு. ஐம்பது பேருக்குத் தேன், ஐம்பது பேருக்குக் கிழங்குத்தோல். தொடக்கத்தில் புண்ணில் கிருமி இருந்தவர்களுள், தேன் வைத்தவர்களில் 90 விழுக்காட்டினரின் புண் ஏழு நாளில் கிருமியற்றதாயிற்று. தோல் வைத்த புண்களில் தொற்று நீடித்தது. பதினைந்து நாளில் தேன் தரப்பில் எல்லாம் ஆறின, தோல் தரப்பில் பாதிதான். இந்த எண்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து ‘தோல் தாழ்ந்தது’ என்ற முடிவுக்குப் போவதைத்தான் மறுக்கிறேன். தேன் கிருமியைக் கொல்லும் மருந்து. கிழங்குத்தோலுக்கு அந்த ஆற்றல் இல்லை என்பது கேஸ்வானி குழுவின் 1990ஆம் ஆண்டு ஆய்விலேயே தெரிந்த செய்தி. புண் காயாமல் காப்பதே அதன் வேலை. மருந்தோடு போர்வையை நிறுத்தி, மருந்துக்குரிய அளவுகோலால் இரண்டையும் அளந்தால் போர்வை தோற்கத்தான் செய்யும். உலர்ந்த துணிக்கட்டோடு ஒப்பிடுவதே நியாயம். 1990இல் கேஸ்வானி குழு அதைத்தான் செய்தது.

தோலின் அமைப்பைப் பாருங்கள். வெளியே நீர் புகாத தக்கை அடுக்கு. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சதையில் மாவுச்சத்து. வெந்ததும் அது நீரை உறிஞ்சிக் களியாகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் பாலிவினைல் ஆல்கஹாலைக் காமா கதிரால் பிணைத்து உருவாக்கிய ஜெல் கட்டும், அந்தக் களியைப் போலவே, நீரைப் பிடித்துவைக்கும் வலைதான்.

நீலகிரிக் கிழங்கு இறங்கும் மேட்டுப்பாளையம் மண்டியில் நின்றால் இன்னொன்றும் புலப்படும். புதுக்கிழங்கின் தோல் விரலால் தேய்த்தாலே உரிந்துவிடும். முற்றிய கிழங்கின் தோலோ தக்கை ஏறி இறுகியிருக்கும். கட்டுக்கு எந்தக் கிழங்கு என்பது ஈரம் காக்கும் திறனை மாற்றியிருக்கவே வேண்டும். மும்பையும் சோலாப்பூரும் ஒரே தோலை வைத்து வாதிட்டன என்று நாம் எடுத்துக்கொள்வதற்கு ஆதாரம் மெலிது.

என் வாதத்துக்கு எதிரான சான்று வாழையிலை. 2003இல் மும்பையில் கோரேயும் அகோலேகரும், தோல் ஒட்டுக்காக நோயாளியின் தோலை எடுத்த இடங்களில் வாழையிலைக் கட்டையும் கிழங்குத்தோல் கட்டையும் ஒப்பிட்டார்கள். ஆறுவதில் இரண்டும் சமம். விலையில் இலை மிக மலிவு. அந்த இலையில் ஜெல் எதுவும் இல்லை, மெழுகுப் பூச்சுத்தான். அப்படியானால் கிழங்கிலும் வேலை செய்தது தக்கைதானோ, மாவுக்களி வெறும் துணையோ? அந்த இடங்கள் கத்தியால் சீராகச் சீவிய புண்கள், தீக்காயங்கள் அல்ல என்று நான் பதில் சொல்லலாம். ஆனால் அதே ஆண்டு அவர்கள் தீக்காயத்திலும் இலையை வைத்துப் பார்த்தார்கள், அதனால் அந்தப் பதில் முழுதாக நிற்காது. உட்பக்க மாவை வழித்தெடுத்த தோலையும் வழிக்காத தோலையும், நுண்ணுயிர் நீக்கி, ஒரே காயத்தின் இரு பாதிகளில் வைத்துப் பார்க்கும் சோதனைதான் இதைத் தீர்க்கும்.