வேப்பெண்ணெய் ஜெயித்த வழக்கு

வேப்பமரத்துக்கே அமெரிக்காக்காரன் உரிமை வாங்கிட்டான் என்று பட்டணத்துச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். அப்படி இல்லீங்க. 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனிக்கும் கொடுத்தது, வேப்பெண்ணெயால் பயிரில் பூஞ்சாணத்தை அடக்கும் ஒரு முறைக்கு மட்டும். வந்தனா சிவா முதலானவர்கள் எதிர்த்து மனுப் போட்டு, இது இந்தியாவில் முன்னாலேயே செய்துவந்ததுதான் என்று முனிச்சில் காட்டினார்கள். 2000 மே மாதம் ரத்து. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடி.

சந்தோஷந்தான். ஆனா அங்கே தீர்ப்பு வந்தபோது இங்கே எங்க ஊரில் வேப்பங்கொட்டை மரத்தடியிலேயே மக்கிக் கிடந்தது. அது எப்படி ஆச்சு என்பதுதான் எனக்குப் பெரிய கதை.

பத்தாயத்து நெல்லில் வேப்பிலை போடுவதும் வயலுக்கு வேப்பம்புண்ணாக்கு இடுவதும் எங்க தாத்தா காலத்து வழக்கம். எண்ணெய் ஊர்ச் செக்கிலேயே ஆட்டினது. 1960-களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டில் முதன்முதலாக எடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. கொஞ்ச வருஷத்தில் ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 வந்தது. கூடவே யூரியா, பூச்சிமருந்து. விளைச்சல் கூடியதை நான் மறுக்கமாட்டேன். அரிசித் தட்டுப்பாட்டுக் காலம் அது. ஆனா யூரியா தின்று கருகருன்னு அடர்ந்த பயிர் புகையானுக்கு விருந்து. தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகப் புகைஞ்ச மாதிரி காயும். மருந்து அடித்தால் புகையானைத் தின்கிற சிலந்தியும் சேர்ந்து சாகும். தப்பின புகையான் கேட்க ஆளில்லாமல் பெருகும். இந்தோனேசியாவில் இதே பாடு பட்டுத்தான் 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார்கள்.

வேப்பெண்ணெய் குணம் வேறு. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது. தின்ன விடாது, தோலுரிக்க விடாது. காலையில் அடித்துவிட்டுச் சாயங்காலம் செத்த பூச்சியை எண்ணுகிற பழக்கம் வந்த பிறகு இது எடுபடுமா? "அது கேட்காதுங்க" என்பார் கடைக்காரர். கேட்கும். வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, 10 லிட்டருக்கு 300 மில்லி எண்ணெய், கலக்கக் கொஞ்சம் காதி சோப்பு. பயிரை விலக்கித் தூரில் படுகிற மாதிரி வெயில் தாழ அடிக்கணும். அதுவும் ஆரம்பத்திலேயே. வயல் முழுக்கப் பரவின பிறகு இதை நம்பி உட்கார முடியாது, அதையும் சொல்லிடறேன்.

ஆனி, ஆடியில் பழம் உதிர்கிறது. பொறுக்க ஆள் கிடைப்பதில்லை. எண்ணெயைக் கடையில்தான் வாங்குகிறேன், கலப்படமா என்று முகர்ந்து பார்த்து.