நார்த் பிளாட் ரயிலடி கேன்டீன்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள நார்த் பிளாட், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 12,000 பேர் வாழ்ந்த ரயில்வே ஊர். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பாதையில் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கும் மேற்குமாக ஓடிய ரயில்கள் இங்கே நின்றுதான் போக வேண்டும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், சக்கரங்களுக்கு எண்ணெய் இட வேண்டும். அதற்கு ஆகும் நேரம் 10 முதல் 15 நிமிடம். அந்த நேரத்துக்குள் வந்தவர்கள் அனைவரையும் பசியாற்றி அனுப்பும் வேலையை ஊர்மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் செய்தார்கள். ஏறத்தாழ 60 லட்சம் வீரர்கள் அங்கே சாப்பிட்டார்கள். ஒருவரிடமும் காசு வாங்கப்படவில்லை.

பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டுப் பத்து நாள் கழிந்து, 1941 டிசம்பர் 17 அன்று, நெப்ராஸ்கா தேசியக் காவல் படையின் ‘டி’ கம்பெனி அவ்வழியே போகிறது என்று செய்தி பரவியது. மகனையும் தம்பியையும் பார்த்துவிடலாம் என்று நூற்றுக்கணக்கானோர் பலகாரங்களோடும் பரிசுகளோடும் ரயிலடியில் கூடினார்கள். வந்தது ‘டி’ கம்பெனிதான். ஆனால் கான்சாஸ் மாநிலத்துப் படை. கொஞ்ச நேரம் திகைத்து நின்றவர்கள், கொண்டுவந்ததை எல்லாம் அந்த முகம் தெரியாத பிள்ளைகளுக்கே கொடுத்தார்கள். கூட்டத்தில் இருந்த ரே வில்சன் என்ற 26 வயதுக் கடை ஊழியர், எல்லாப் படை ரயில்களையும் இப்படியே வரவேற்கலாமே என்று உள்ளூர் நாளிதழுக்கு எழுதினார். அந்த ஊரிலேயே பிறந்தவரான யூனியன் பசிபிக் தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ், நிலையத்தில் சும்மா கிடந்த உணவறையைப் பயன்படுத்த அனுமதித்தார். கிறிஸ்துமஸ் நாளன்று முதல் ரயிலுக்குப் பரிமாறப்பட்டது. கேன்டீனை முன்னின்று நடத்திய வில்சன் பின்னாளில் நோயுற்றபோது, ஹெலன் கிறிஸ்ட் என்பவர் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

நாளொன்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட ரயில்கள்கூட வந்தன. 3,000 முதல் 5,000 பேர் இறங்கினார்கள். ஒரு சிற்றூர் தனியாகத் தாங்கக்கூடிய சுமையல்ல இது. சுற்றுவட்டத்து ஊர்களும் பக்கத்துக் கொலராடோவின் சில ஊர்களும் முறை வைத்துக்கொண்டன. இன்ன நாள் இன்ன ஊர் என்று முடிவானது. தேவாலயச் சங்கங்களும் பெண்கள் மன்றங்களும் தங்கள் முறைக்குரிய உணவைச் சமைத்துக் கொண்டுவந்தன. 125 ஊர்களிலிருந்து சுமார் 55,000 பேர் இப்படி உழைத்தார்கள். போர்க்கால உற்சாகம் பல ஊர்களில் சில மாதங்களில் வடிந்துபோகக்கூடியது. இங்கே வடியாமல் காத்தது இந்த முறைவைப்பே.

சர்க்கரை, காபி, வெண்ணெய், இறைச்சி எல்லாம் ரேஷனில் இருந்த காலம் அது. குடும்பங்கள் தங்கள் பங்கில் மிச்சம் பிடித்துக் கேக் சுட்டன. ரேஷனுக்கு உட்படாத காட்டுக்கோழி இனமான ஃபெசன்ட் பறவையை வேட்டையாடி, அதன் இறைச்சியைச் சாண்ட்விச்சில் வைத்தார்கள். அவித்த முட்டை, டோனட், பால், பழம் ஆகியவையும் மேசையில் இருந்தன. அன்று பிறந்தநாள் என்று சொன்ன வீரருக்கு முழுக் கேக் ஒன்று கிடைத்தது. சோளப்பொரி உருண்டைக்குள் இளம்பெண்கள் தங்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை வைத்ததால் தொடங்கிய கடிதப் போக்குவரத்து, சில திருமணங்களிலும் முடிந்தது. காயமுற்றோரைச் சுமந்த மருத்துவ ரயில்களில் இறங்க முடியாதவர்களுக்குக் கூடைகளோடு நடைமேடைக்கே பெண்கள் போனார்கள். அமெரிக்கப் படை கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனிப் பிரிவுகளாக வைத்திருந்த அந்நாளில், கறுப்பின வீரர்களும் இதே கேன்டீனில் வரவேற்கப்பட்டார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

படை ரயில் வரும் நேரம் ராணுவ ரகசியம். ரயில்வே அலுவலர் சற்று முன்னதாகத் தெரிவிப்பார். காபி அடுப்பில் ஏறிவிட்டது என்ற பொருளில் ஒரு குறிப்புச்சொல் பெண்களிடையே பரவும்.

செலவுக்கு அரசுப் பணம் வரவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் அனுப்பிய 5 டாலரும் தனிமனித நன்கொடையாகவே வந்தது. பழைய பொருள் விற்பனை, நடன நிகழ்ச்சி, உண்டியல் என்று மக்களே திரட்டினார்கள். ஒரு சிறுவன் கால்நடைச் சந்தைகளில் தன் சட்டையைக் கழற்றி ஏலம் விட்டுப் பணம் சேர்த்தான்.

போர் 1945இல் முடிந்தும் வீடு திரும்பும் வீரர்களுக்காகக் கதவு திறந்தே இருந்தது. 1946 ஏப்ரல் 1 அன்று கேன்டீன் மூடப்பட்டது. நிலையக் கட்டடம் 1973இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுச்சின்னம் உள்ளது.