பழைய கெய்ரோவின் ரொட்டிப் பட்டியல்

அரபெழுத்துப் பொறித்த துண்டுத்தாள் ஒன்று தெருவில் கிடந்தால், அதனைக் குனிந்தெடுத்துக் கண்ணில் ஒற்றிச் சுவரிடுக்கில் செருகிவைக்கும் பெரியோர்களை நாம் கண்டிருக்கிறோம். இத்தகைய பேணுதல், மிஸ்று நாட்டின் பழைய தலைநகரான புஸ்தாத்தில் வாழ்ந்த யூதர்களிடமும் இருந்தது. இறைவன் திருப்பெயர் எழுதப்பட்டிருக்கக் கூடும் என்னும் அச்சத்தால், பயன்பாடு முடிந்த தாள்களை அவர்கள் அழித்தாரில்லர். தம் தொழுகைக் கூடமாகிய பென் எஸ்ராவின் அறையொன்றில் அவற்றைப் போட்டு வைத்தனர். அவ்வறைக்குக் ‘கெனிஸா’ என்பது பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் ஸாலமன் ஷெக்டர் 1896-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்று, அத்தாள்களிற் பெரும்பகுதியைப் பெற்று வந்தார். இன்று அந்நூலகத்தில் மட்டும் 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன.

வேத ஏடுகள் மட்டுமா அங்கிருந்தன? திருமணப் பத்திரங்கள், கடன் சீட்டுகள், வணிகக் கடிதங்கள் எல்லாம் கலந்து கிடந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யீஜூவின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். இவற்றிற் பெரும்பாலானவற்றின் மொழி அரபு, எழுத்தோ எபிரேயம். தமிழை அரபெழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபை உடைய நமக்கு இது வியப்பளிக்காது. இந்தத் தாள்களை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் கொய்ட்டைன் (1900-1985) என்னும் அறிஞர். அவர் வெளிக்கொணர்ந்த செய்திகளுள் நெஞ்சைத் தொடுவது, அந்தச் சிறு சமுதாயம் தன் ஏழைகளைக் காத்த வரலாறாகும்.

வாரம் இருமுறை, செவ்வாயன்றும் வெள்ளியன்றும், ஏழைகளுக்கு ரொட்டி வழங்கப்பட்டது. ஆளொன்றுக்கு வாரத்திற்கு நான்கு ரொட்டிகள் என்பது பொதுவான அளவு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு பவுண்டு எடையுடையது. வயிறு நிறைய அது போதாது. ஆயினும் பட்டினியால் உயிர் போகாமல் காத்தது. 1107-ஆம் ஆண்டை ஒட்டிய பட்டியல்கள் சில இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கைம்பெண்கள், அநாதைகள், பார்வையற்றோர், நோயாளிகள், ரோம நாட்டிலிருந்து ஓடிவந்த அகதிகள் எனப் பலரும் அவற்றில் இடம் பெறுகின்றனர். ரொட்டியோடு கோதுமையும் ஆடையும் வழங்கப்பட்டதுண்டு. ஏழைகளை நடுங்கச் செய்த தலைவரியைக் கட்டவும் பணம் திரட்டப்பட்டது. ஆம், அன்றைய மிஸ்றில் ஜிஸ்யா வரி தண்டுவோருக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த வறியவர்களின் முறையீடுகளும் அக்குவியலில் உள்ளன. வரலாற்றைப் படிப்போர் அதனையும் மறைத்தலாகாது.

இதற்குப் பொருள் எங்கிருந்து வந்தது? கூட்டுத் தொழுகையின்போது இன்னார் இவ்வளவு தருவார் என வாக்களிப்பதும், பின்னர் அதனைத் தண்டுவதும் ஒரு வழி. மற்றொன்று அறக்கட்டளை. செல்வர்கள் தம் வீடுகளையோ வீட்டின் ஒரு பங்கையோ நிரந்தர தர்மமாக எழுதி வைத்தனர். அவற்றை எபிரேயத்தில் ‘கோதெஷ்’ என்றும், அரபில் ‘அஹ்பாஸ்’ என்றும் வழங்கினர். நம் வக்பு சொத்துகளைப் போன்றவையே அவை. ‘பர்னாஸ்’ எனப்பட்ட பொறுப்பாளர்கள் வாடகையைத் தண்டிக் கணக்கெழுதினர். கணக்குகளைப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். வாடகையின் பெரும்பகுதி கட்டடப் பழுது பார்ப்பதற்கும் ஊழியர் சம்பளத்திற்குமே சென்றது. அறநிலையங்களுக்கு எக்காலத்தும் உள்ள இடர்ப்பாடு இது போலும்!

சிறைப்பட்டோரை மீட்பதை அவர்கள் தலையாய தர்மமாகக் கருதினர். கடற்கொள்ளையரிடம் சிக்கி அலெக்சாந்திரியாவில் விற்பனைக்கு வந்த ஒருவரை மீட்க 33⅓ தீனார், அதாவது மூவருக்கு 100 தீனார், தரவேண்டியிருந்தது. எளிய குடும்பமொன்று மாதம் இரண்டு தீனாரில் வாழ்ந்த காலம் அது! 1099-இல் சிலுவைப் போராளிகள் ஜெரூசலத்தைக் கைப்பற்றி, முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தபோது, எஞ்சியோரை மீட்க மிஸ்று யூதர்கள் பணம் அனுப்பினர். அஸ்கலான் நகரிலிருந்து வந்த கடிதமொன்று, மனிதர்களோடு கொள்ளையிடப்பட்ட வேத நூல்களும் விலைகொடுத்து மீட்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது.

இனி, ஏழையின் மானத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்கடிதங்களில் ‘மஸ்தூர்’ என்னும் அரபுச் சொல் வருகின்றது. ‘மறைக்கப்பட்டவர்’ என்பது அதன் பொருள். வறுமையை வெளிக்காட்டாமல் கௌரவத்தோடு வாழ்பவரை அது குறிக்கும். பிறரிடம் கையேந்த நேர்ந்தால் அதனை ‘முகத்தைத் திறத்தல்’ என்றனர். இந்நாள்வரை என் முகத்தை எவர்முன்னும் திறந்ததில்லை எனும் கருத்தமைய எழுதப்பட்ட முறையீடுகள் பல. அத்தகையோர், பலர் பார்க்க ரொட்டிக்கு நிற்பதைவிடச் செல்வர் ஒருவருக்கு மறைவாகக் கடிதம் எழுதுவதையே விரும்பினர். பட்டியல் இன்றேல் ரொட்டி ஒழுங்காகச் சேராது. பட்டியல் உண்டேல் மானம் மறைவாக நில்லாது. இந்தச் சிக்கலை எந்தச் சமுதாயந்தான் முற்றிலும் தீர்த்திருக்கிறது?

கொடுத்தோருள் ஒரு பெண்மணி மறக்கவொண்ணாதவர். அல்-வுஹ்ஷா என அழைக்கப்பட்ட கரீமா என்பவர், 1100-ஐ ஒட்டி வாழ்ந்த வணிகச் சீமாட்டி. முறையற்ற உறவு கொண்டார் என்பதற்காக, பாவமன்னிப்புப் பெருநாளன்று தொழுகைக் கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவர் தம் மரண சாசனத்தில் ஏழைகளுக்கும், இடுகாட்டுக்கும், மக்கள் இரவில் கற்பதற்கு விளக்கெண்ணெய் வாங்கத் தொழுகைக் கூடங்களுக்கும் பணம் எழுதி வைத்தார். தம்மை வெளியேற்றிய கூடத்தையும் அவர் விலக்கவில்லை. வாசலை அடைத்தவர்கள் அவர் தந்த எண்ணெயில் விளக்கேற்றினர்!

இந்நகரில்தான் பின்னர் மூஸா இப்னு மைமூன் வந்து குடியேறினார். சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் காழி அல்-ஃபாழிலுக்கு வைத்தியராக இருந்த பேரறிஞர் அவர். 1168-இல் பில்பைஸ் நகரம் சூறையாடப்பட்டபோது, சிறைப்பட்டோரை மீட்கப் பொருள் வேண்டி ஊர் ஊராகக் கடிதம் அனுப்பியவரும் அவரே. தம் சட்டநூலில் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகங்கோணிக் கொடுப்பது கடைப்படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பது இரண்டாம் படி. விழும் நிலையிலுள்ளவனுக்குக் கடன் தந்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடிக் கொடுத்தோ, அவன் கையேந்தாதபடி செய்வது முதற்படி. புஸ்தாத்தின் ரொட்டி வரிசையையும் மஸ்தூரின் மறைமுகக் கடிதங்களையும் அறிந்த பிறகு, இப்படிகளின் பொருள் நமக்கு இன்னும் தெளிவாகும்.

எபிரேயத்தில் ‘ஸதாகா’, அரபில் ‘ஸதகா’, வேர் ஒன்றே. அந்தப் பட்டியல்களில் உள்ள ஏழைகள் மண்ணாகி எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அவர்கள் மறைத்து வைத்த வறுமையை இன்று நாம் படிக்கிறோம். படிப்பவர்க்கு ஒரு கடமை உண்டு. நம் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு பசித்திருக்கும் மஸ்தூர் யார் என்று தேடுவதும், தேடியதை எவரும் அறியாமல் கொடுப்பதுமே அது.